ஊசியும் உட்செவியும்

மேச்சேரி உள்ளிட்ட சேலம் சமவெளி ஊர்களில் தலைசுற்றலைப் பித்தம் என்று கொண்டு, எலுமிச்சைச் சாறோ சுக்குக் கஷாயமோ கொடுத்துப் படுக்கவைப்பது நெடுநாள் வழக்கம். ஐரோப்பிய மருத்துவர்களும் அதை மூளையில் ரத்தம் மிகுவதால் வருவதாகவே பெரிதும் கருதிவந்தனர். 1861இல் பாரிசில் ப்ராஸ்பர் மெனியேர், காது கேளாமையோடும் இரைச்சலோடும் வரும் தலைசுற்றலுக்கு உட்செவியே இருப்பிடம் என்று எடுத்துரைத்த பிறகுதான் பார்வை மாறத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் இந்த உறுப்பின் வரலாறு காசநோயின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. 1943இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், காசநோய்க்குப் பலனளித்த முதல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. ஆனால் அது உட்செவியின் அரைவட்டக் குழல்களில் தலையின் அசைவை உணரும் நுண்மயிர்ச் செல்களை அழிக்கக்கூடியது என்பதும், அழிந்த செல்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை என்பதும் விரைவிலேயே தெரியவந்தன. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், சானடோரியத்தில் சேராமல் வீட்டிலிருந்தே மாத்திரை உண்டாலும் நோய் தணியும் என்று 1959இல் உலகுக்கு நிறுவியது. 1964இல் வெளியான அதன் மற்றோர் ஆய்வு, ஐசோநயாசிட் மாத்திரையோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியை வாரம் இருமுறை கண்காணிப்பில் கொடுத்தாலே போதும் என்று காட்டியது. ஏழை நோயாளியின் உயிர் காத்த மகத்தான பணி இது. ஆயினும் ஊசியின் விலையில் ஒரு பகுதியைச் சிலருடைய உட்செவி கொடுத்தது என்பதையும் அந்த வரலாற்றோடு சேர்த்தே எழுதவேண்டும்.

இரு செவிகளும் ஒருசேரப் பழுதாவதால் இவர்களுக்கு உலகம் சுழல்வதில்லை. நடக்கும்போது எதிரே உள்ளவை குலுங்கும், கண் உதவாத இருட்டில் கால் தடுமாறும். பகலில் ஓரளவு நடந்துவிடுபவருக்கும் இரவில் வரப்பில் நடப்பதும் கிணற்றுப் படியில் இறங்குவதும் ஆபத்தாகும். இவ்வகையில் பாதிக்கப்பட்ட அமெரிக்க மருத்துவர் ஒருவர், நாடித் துடிப்பே எழுத்துகளைக் குலுக்கியதால், கட்டில் கம்பிகளுக்கிடையே தலையை இறுக்கிவைத்துப் படித்ததை 1952இல் எழுதினார். சிறுநீரகம் நலிந்தவரிடமும் முதியவரிடமும் மருந்து உடலில் தேங்கித் தீங்கு கூடுவதால், அவர்களுக்கு அளவு குறைக்கப்பட்டது. தடுமாற்றத்தைப் பித்தம் என்றெண்ணி மருத்துவரிடம் சொல்லாமல் விட்டவருக்கு இந்தக் காப்பு எட்டியிருக்காது.

உட்செவியின் சுண்ணத் துகள்கள் இடம்பெயர்வதால் வரும் தலைசுற்றலை, ஜான் எப்ளி 1980இல் முன்வைத்த முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பியே பெரும்பாலும் நீக்கிவிடலாம். செல்களை இழந்தவருக்கு அந்த வழி பயன்படாது. அவருக்கு எஞ்சியிருப்பது பயிற்சியே: 1940களில் இங்கிலாந்தில் காவ்தோர்னும் குக்சியும் வகுத்தபடி, கண்ணையும் தலையையும் முதலில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் அசைத்து, நின்றும் நடந்தும் பழகினால், பார்வையையும் பாதத்தின் உணர்வையும் கொண்டு உடலை நிறுத்த மூளை மாதக்கணக்கில் கற்றுக்கொள்கிறது.