பாகூர்ச் செப்பேடும் நம் பிள்ளைகளின் கல்விப் பணமும்

கல்விக்குப் பணம் இல்லை என்று அரசு சொல்லும்போதெல்லாம் நாம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும். எந்தக் காலத்தில், யாருடைய கல்விக்குப் பணம் இல்லாமல் போனது? இந்தக் கேள்விக்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாகூர் போதும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், வாகூர் என்ற இந்த ஊரில் ஒரு வித்யாஸ்தானம், அதாவது உயர்கல்வி நிலையம், இருந்ததைச் சொல்கின்றன. அதை நடத்த மூன்று ஊர்களின் வருவாய் எழுதி வைக்கப்பட்டது: சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. இந்தக் கொடைக்கு வித்யாபோகம் என்று பெயர். புதுவை வரலாற்றைப் பேசுகிறவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கல்லூரி இருந்தது என்பார்கள்.

இருந்தது, உண்மைதான். ஆனால் அது வேதம் கற்ற பார்ப்பனர்களின் கல்லூரி. செப்பேட்டில் கொடுத்தவன் பெயர் இருக்கிறது. பெற்றவர்கள் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த மூன்று ஊர்களின் நிலத்தில் சேற்றில் இறங்கி உழுதவர்கள், நாற்று நட்டவர்கள், களத்தில் நெல் அடித்தவர்கள் பெயர் இல்லை. கல்விக்கான பணம் அவர்கள் உழைப்பிலிருந்து வந்தது. கல்வி அவர்கள் பக்கம் வரவில்லை. அன்று தொடங்கிய கணக்கு இது. ஆட்சி மாறியது, கணக்கு மாறவில்லை.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய நாடு அது. 1826இல் புதுச்சேரி நகரத்தில் அரசக் கல்லூரி தொடங்கியது. நிலவரி கொம்யூன்களின் வயல்களிலிருந்து போனது, பெரிய பள்ளிக்கூடம் நகரத்தில் எழுந்தது. சாதி வழக்கங்களில் தலையிடுவதில்லை என்பதே பிரெஞ்சு நிர்வாகத்தின் பொதுவான போக்கு. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, தங்கள் சாதி, மதம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்க வழி செய்தது. நம் மக்களில் பலர் அந்தக் கதவைத் தட்டினார்கள். பெயரை மாற்றினார்கள், பட்டாளத்தில் சேர்ந்தார்கள். சாதியிலிருந்து வெளியேற ஒரு சட்டக் கதவு கிடைத்தால் அதன் வழியே ஓடத் தயாராக இருந்தவர்கள் நாம் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த வழியில் போக முடிந்தவர்கள் கொஞ்சம் பேர். பேட் என்றும் காலனி என்றும் அழைக்கப்பட்ட நம் குடியிருப்புகளில் பெரும்பாலோர் ஆண்டையின் வயலிலேயே நின்றார்கள். ஒன்றை மட்டும் நன்றியோடு சொல்லலாம். 1930இலேயே பிரெஞ்சு நிர்வாகம் இங்கே பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தது. பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவதும் கல்விச் செலவுதான் என்பதை அது ஒப்புக்கொண்டது.

எல்லைக்கு அந்தப் பக்கம், சென்னை மாகாணத்தில், வேறொரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. 1894இல் அடையாறு அருகே ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் கல்வியை முதல் கோரிக்கையாக வைத்தார்கள். 1942இல் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயிடம் கொடுத்த குறை மனுவில், பனாரசுக்கும் அலிகாருக்கும் தரும் மானியத்தைச் சுட்டிக்காட்டி, நம் பிள்ளைகளின் உயர்கல்விக்கும் பணம் கேட்டார். கருணை கேட்கவில்லை, பங்கு கேட்டார். 1944இல் பட்டியல் சாதியினருக்கான மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை பிறந்தது.

அது பிரிட்டிஷ் இந்தியாவுக்குத்தான். பாகூரில் பிறந்த பிள்ளைக்கு இல்லை. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைந்தோம். புதுச்சேரிக்கான பட்டியல் சாதிகள் ஆணை 1964இல்தான் வந்தது. இருபது ஆண்டுகள் பின்னால் நின்றுதான் நாம் ஓட்டத்தைத் தொடங்கினோம்.

அதே 1954ஆம் ஆண்டு மே 17இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. உலகமே கொண்டாடியது. ஆனால் பள்ளிக்கான பணம் அந்தந்தப் பகுதியின் சொத்து வரியைப் பெரிதும் நம்பியே இருந்தது. பணக்காரப் பகுதிக்கு நல்ல பள்ளி, ஏழைப் பகுதிக்கு ஓட்டைக் கூரை. டெக்சாசில் மெக்சிகோ வம்சாவளிப் பெற்றோர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1973இல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இந்த ஏற்றத்தாழ்வு அரசமைப்புக்கு விரோதம் அல்ல என்று அதே நீதிமன்றம் கைவிரித்தது. அங்கும் ஒரு பாகூர்ச் செப்பேடு உண்டு: 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டம். பூர்வகுடிகளிடமிருந்து பறித்த ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை வைத்து அங்கே கல்லூரிகள் கட்டினார்கள். நிலம் இழந்தவரின் பிள்ளைகள் அந்த வகுப்பறைகளில் இல்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. கதவைத் திறந்துவிடு என்று சட்டம் சொன்னால் மட்டும் போதாது. பணம் எந்த வாய்க்காலில் ஓடுகிறது, மடையை யார் திறக்கிறார்கள் என்பதில்தான் சமத்துவம் இருக்கிறது. பாகூர் ஏரிப் பாசனக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்றைய மடைகளைப் பார்ப்போம். புதுச்சேரி முழு மாநிலம் அல்ல. நிதிக்குழுவின் பங்கீட்டில் நமக்கு இடமில்லை. மத்திய அரசு தரும் மானியத்தையும் கடனையும் நம்பி நிற்கிறோம். கீழே வந்தால், கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு 1968க்குப் பிறகு 2006இல்தான் தேர்தல் நடந்தது. அதன் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் வில்லியனூரிலும் பாகூரிலும் ஆணையர்களின் ஆட்சிதான். தொடக்கக் கல்வி பஞ்சாயத்தின் பொறுப்புகளில் ஒன்று என்று அரசமைப்பின் 11ஆவது அட்டவணை சொல்கிறது. பள்ளியில் கழிப்பறை இல்லை என்றால் நம் தாய்மார்கள் யாரிடம் போய்க் கேட்பது?

சீர்திருத்தங்கள் வராமல் இல்லை. 2023-24இல் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சிபிஎஸ்இக்கு மாற்றப்பட்டன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு 2023இல் ஒப்புதல் கிடைத்தது. இரண்டாவதை வரவேற்கிறோம். முதலாவது, வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத முதல் தலைமுறைப் பிள்ளையின் தலையில் ஏறிய சுமை. பாடத்திட்டம் மாறினால் கூடுதல் ஆசிரியரும் மாலை வகுப்பும் கூடவே வர வேண்டும். அவை இல்லாத சீர்திருத்தம் வசதியுள்ளவனுக்குத்தான் ஏணி.

2020 டிசம்பரில் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைக்கு ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் அறிவித்தார்கள். மத்திய, மாநிலப் பங்கு 60:40. பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும் என்றார்கள். நல்லது. ஆனால் உதவித்தொகை வருவதற்கு முன்பே கட்டணம் கேட்டு நிற்கும் கல்லூரிகள் இருக்கின்றன. நூறு நாள் வேலைக்குப் போகும் தாய் வட்டிக்கு வாங்கித்தான் அந்த இடைவெளியை நிரப்புகிறாள். தனியார் கல்வி நிறுவனங்களில் இடஒதுக்கீடு கொண்டுவர 93ஆவது திருத்தம் 2005இலேயே வழி திறந்தது. தனியார் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தும் நாடு தழுவிய சட்டம் இன்றுவரை இல்லை. நம் கொம்யூன்களின் வயல்கள் தனியார் கல்லூரி வளாகங்கள் ஆகிவிட்டன. அங்கே துடைப்பமும் காவல் கம்பும்தான் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன.

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரியில் நாம் 1,96,325 பேர், 15.7 விழுக்காடு. அந்த விகிதத்துக்குக் குறையாத பணம் நமக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்பதே 1979-80 முதல் சிறப்புக் கூறுத் திட்டத்தின் விதி. எல்லாருக்குமான செலவை நம் கணக்கில் எழுதும் பழக்கம் நாடு முழுதும் நடக்கிறது. இதைத் தடுக்க ஆந்திரமும் கர்நாடகமும் 2013இல் சட்டம் செய்தன, தமிழ்நாடு 2024இல் செய்தது. புதுச்சேரிக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் உடனே வேண்டும். ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளுக்கும் உதவித்தொகைக்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்ற கணக்கைக் கொம்யூன் வாரியாக வெளியிட வேண்டும்.

படித்த இளைஞர்களே, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய்தான் கட்டணம். வில்லியனூருக்கு ஒன்று, பாகூருக்கு ஒன்று போடுங்கள். வரும் பதிலை ஊர் நடுவில் வாசியுங்கள். செப்பேட்டில் நம் பெயரை எழுதாமல் விட்டார்கள். வரவு செலவுத் திட்டத்தில் அப்படி விட்டுவிட நாம் அனுமதிக்கக் கூடாது.

ஜெய்பீம்.