‘தந்தை’ என்றால் தாயும் சேர்த்தியா? நீதிபதிகள் அரசியலமைப்பை எப்படிப் படிக்கிறார்கள்?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த ஓர் அண்ணன், ஒரு தங்கை என்று வைத்துக்கொள்வோம். இருவரும் மலேசியக் குடிமக்கள். இருவருக்கும் துபாயில் வேலை. இருவரும் வெளிநாட்டவரை முறைப்படி மணந்து, அங்கேயே பிள்ளை பெற்றார்கள். அண்ணன் பிள்ளைக்குச் சட்டப்படி தானாகவே மலேசியக் குடியுரிமை. தங்கை பிள்ளைக்கு? விண்ணப்பம் போட்டுட்டு காத்திருக்கணும். கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் முடிவு.

காரணம், கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில் உள்ள ஒரே ஒரு சொல்: ‘தந்தை’.

நீதிமன்றங்கள் என்ன சொல்லின?

ஃபேமிலி ஃப்ரண்டியர்ஸ் அமைப்பும் ஆறு தாய்மார்களும் வழக்குத் தொடுத்தார்கள். 2021 செப்டம்பர் 9 அன்று கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி அக்தார் தாஹிர், ‘தந்தை’ என்பதில் தாயும் அடக்கம் என்று தீர்ப்பளித்தார். பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 8(2) பிரிவோடு சேர்த்துத்தான் அதைப் படிக்கணும் என்பது அவர் வாதம். ‘பாலினம்’ என்ற சொல் அந்தப் பிரிவில் சேர்ந்தது 2001-இல்.

2022 ஆகஸ்ட் 5 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. தந்தை என்றால் தந்தைதான். சொல்லை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. 8(2) பிரிவே, ‘அரசியலமைப்பு வெளிப்படையாக அனுமதித்தால் தவிர’ என்றுதான் தொடங்குகிறது. மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி எஸ். நந்தபாலன்.

கருத்துக்கணிப்பு எங்கே சறுக்குகிறது?

அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2018-இல் மக்களிடம் கேட்டது: உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பை எழுதிய காலத்துப் பொருளில் பார்க்கணுமா, இன்றைய பொருளில் பார்க்கணுமா? இன்றைய பொருள் என்றவர்கள் 55 விழுக்காடு. எழுதிய காலத்துப் பொருள் என்றவர்கள் 41.

கேட்க எளிதான கேள்விதான். ஆனா நம்ம வழக்கு அந்த இரண்டு பெட்டியிலும் அடங்காது. ‘தந்தை’, ‘பாலினம்’ இரண்டுமே ஒரே புத்தகத்தில் அச்சான சொற்கள். எதை எதோடு சேர்த்துப் படிப்பது என்பதில்தான் நீதிபதிகள் பிரிந்தார்கள்.

கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டுப் பாருங்கள். ‘நாடாளுமன்றம் எழுதியதை நீதிபதிகள் மாற்றலாமா?’ ‘தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை வேண்டாமா?’ முதலாவதற்கு ‘கூடாது’ என்றும் இரண்டாவதற்கு ‘வேண்டும்’ என்றும் ஒரே ஆள் சொல்லிவிடலாம். இரண்டும் ஒரே வழக்கு!

இப்போது நிலை என்ன?

2024 அக்டோபர் 17 அன்று மக்களவை 206 வாக்குகளுடன் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. தேவைப்பட்டது 148. அந்தத் திருத்தத்தின்படி தாய் வழியாகவும் குடியுரிமை உண்டு.

ஆனால் திருத்தம் முன்தேதியிட்டுச் செல்லாது. அமலுக்கு வருமுன் பிறந்த பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. ஆகவே அந்தத் தங்கையின் மூத்த பிள்ளைக்கு இன்னமும் பழைய வழிதான்: விண்ணப்பம், காத்திருப்பு.

‘நீதிபதிகள் எப்படித் தீர்ப்பளிக்க வேண்டும்?’ என்று அடுத்த முறை யாராவது கருத்துக் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் திருப்பிக் கேளுங்கள்: எந்தச் சொல்லை? எதோடு சேர்த்து?