மக்காவின் பெயர் தாங்கிய பச்சைத் தபால்தலை



உலகின் முதல் தபால்தலை 1840-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியாயிற்று. அன்று தொடங்கி 1940 வரையிலான நூறாண்டுத் தலைகளை நாடு வேறுபாடின்றிச் சேர்ப்போர் உலகெங்கும் உள்ளனர். எம் பாட்டனார் ரங்கூனில் கடை நடத்திய காலத்தில் தொடங்கிய அத்தகைய ஆல்பம் ஒன்று இன்று இவ்வெளியவனின் பொறுப்பில் இருக்கிறது. மத்ரஸா ஆசிரியரின் வருமானத்தில் ஆண்டுக்கு நான்கைந்து தலைகள் புதிதாகச் சேர்ந்தாலே அதிகம். இவ்வாண்டு சேர்ந்தவை இரண்டே. ஆயினும் அவ்விரண்டும் ஒரே பக்கத்தில் அருகருகே அமர்ந்தபோது, ஒரு வரலாற்று வழக்கின் இரு தரப்பும் நேருக்கு நேர் நிற்பதாகத் தோன்றியது.

முதலாவது, 1916-இல் வெளியான ஹிஜாஸ் தபால்தலை. கால் குரூஷ் மதிப்பு, பச்சை நிறம். மன்னர் முகமோ, விலங்கோ, ஆங்கில எழுத்தோ அதில் இல்லை. கொடிபோல் பின்னிய அரபு அலங்காரத்தின் நடுவே 'மக்கா அல்முகர்ரமா' என்னும் பெயரும், 'ஹிஜாஸ் தபால்' என்னும் சொற்களும், ஹிஜ்ரி 1334 என்ற ஆண்டும் மட்டுமே காணப்படுகின்றன. வகுப்பில் காட்டியபோது மாணவர் ஒருவர், "உஸ்தாத், இதைச் சட்டமிட்டு மத்ரஸாச் சுவரில் மாட்டலாமே!" என்றார். ஆசை நியாயமானதே. முஸ்லிம் அரசுகள் வெளியிட்டவற்றிலும் உருவப்படங்கள் உண்டு. ஆப்கானிஸ்தானின் முதல் தலைகளில் நடுவே ஒரு விலங்கின் முகம் இருக்கும். (அங்கே முத்திரை குத்துவதற்குப் பதிலாகத் தலையின் ஓரத்தைக் கிழித்துவிடுவர், ஆகவே முழுத் தலை கிடைப்பது அரிது.) உஸ்மானியர் 1863-இல் சுல்தானின் துக்ராக் கையொப்பத்துடன் தொடங்கியவர்கள், 1914-இல் ஐந்தாம் முஹம்மது சுல்தானின் முகத்தையே அச்சிட்டனர். அவற்றோடு ஒப்பிட, ஹிஜாஸ் தலை மார்க்கப் பேணுதலின் வடிவமாகவே தோன்றும்.

ஆனால் அதை வடிவமைக்க ஏற்பாடு செய்தவர்கள் யார்?

1916 ஜூனில் மக்காவின் ஷரீஃப் ஹுஸைன், ஆங்கிலேயரின் பொன்னையும் ஆயுதத்தையும் துணையாகக் கொண்டு உஸ்மானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தார். கிலாஃபத்தின் மீது பற்றுக் கொண்ட இந்திய முஸ்லிம்கள் இதனை ஏற்கவில்லை. ஷரீஃபின் அரசு தனித்தியங்கும் அரசே என்று உலகை நம்பவைக்க ஒரு சான்று வேண்டியிருந்தது. நாடுகளைக் கடந்து எளிதாகச் செல்லும் தபால்தலையைவிடத் தக்க சான்று வேறெது? கெய்ரோவில் பிரிட்டனின் கிழக்கத்திய விவகாரச் செயலாளராக இருந்த ரொனால்டு ஸ்டோர்ஸும், அங்கே இராணுவ உளவுத்துறையில் பணியாற்றிய டி.இ. லாரன்ஸும் கெய்ரோவின் அரபு அருங்காட்சியகத்தில் உலவி அலங்கார வடிவங்களைத் தேடினர். பின்னாளில் 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் பெயர் பெற்றவர் அவரே. அவர் ஜித்தாவில் கால் வைத்தது அவ்வாண்டு அக்டோபரில்தான்.

அவர்கள் தேர்ந்தவை எளியவையல்ல. கெய்ரோவின் அஸ்ஸாலிஹ் தலாயி பள்ளிவாசலின் செதுக்குக் கதவு, சுல்தான் பர்கூக் பள்ளிவாசலில் இருந்த குர்ஆன் பிரதியின் பக்க அலங்காரம், மேல் எகிப்தின் கூஸ் நகரத்து அல்அம்ரி பள்ளிவாசலின் தொழுகை மாடம் ஆகியவற்றிலிருந்து கோலங்கள் எடுக்கப்பட்டன. இறைவசனம் ஏதும் தலையில் இல்லை; அலங்காரம் மட்டுமே. எழுத்தை எழுதித் தந்தவர் முஸ்தஃபா கஸ்லான் என்னும் தேர்ந்த எகிப்தியக் கலைஞர். அச்சிட்டது எகிப்து நில அளவைத் துறை. ஆக, கலை நம்முடையது. கையும் நம்மவரின் கை. நோக்கம் மட்டுமே வேறொருவருடையது.

அதே 1916-இன் இறுதியில் மக்காவில் நடந்ததை மத்ரஸாவில் ஓதியோர் அறிவர். தேவ்பந்தின் ஷைகுல் ஹிந்த் மஹ்மூதுல் ஹஸன் அவர்கள் அப்போது ஹிஜாஸில் இருந்தார்கள். துருக்கியருக்கு எதிரான ஃபத்வாவில் கையொப்பமிட மறுத்தார்கள். ஷரீஃபின் அரசு அவர்களைக் கைது செய்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது. மாணவர் ஹுஸைன் அஹ்மத் மதனீ முதலானோருடன் கெய்ரோவை அடுத்த கீஸா சிறையிலும், பிறகு மால்டாத் தீவிலும் வைக்கப்பட்டார்கள். 1920-இல் நாடு திரும்பி, அவ்வாண்டே வஃபாத்தானார்கள். மக்காவின் பெயர் தாங்கிய தலைகள் எகிப்திலிருந்து மக்காவுக்குச் சென்ற காலத்தில், மக்காவிலிருந்து ஒரு முதிய ஆலிம் எகிப்துக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்டார். இதைச் சொன்னபின் அம்மாணவர் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாவது தலை அழகற்றது. புகைவண்டி எஞ்சினின் படம் கொண்ட உஸ்மானிய வரிவில்லை. அதன் மேல் ஹிஜ்ரி 1343 என்ற ஆண்டுடன் நஜ்து சுல்தானகத்தின் பெயர் கோணலாக முத்திரையிடப்பட்டிருக்கிறது. திமிஷ்கிலிருந்து மதீனா வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீண்ட ஹிஜாஸ் இரயில்பாதையை இரண்டாம் அப்துல் ஹமீது சுல்தான் 1900-இல் தொடங்கினார். 1908-இல் அது மதீனாவை அடைந்தது. உலக முஸ்லிம்கள் நன்கொடை அனுப்பினர்; இந்தியாவிலிருந்தும் பணம் சென்றது. அப்பணிக்கு நிதி திரட்டவே இவ்வகை வரிவில்லைகள். போர்க்காலத்தில் அப்பாதைக்கு வெடி வைத்தவர்களுள் பச்சைத் தலைக்கு வடிவம் தேடிய அதே லாரன்ஸும் ஒருவர்.

1924 மார்ச்சில் அங்காரா கிலாஃபத்தை ஒழித்தது. ஹுஸைன் தம்மையே கலீஃபா என அறிவித்து, பழைய தலைகளின் மேல் பொன்னிற எழுத்தில் அச்செய்தியை அச்சிட்டார். அவ்வாண்டு அக்டோபரிலேயே பதவி துறந்தார். மக்கா நஜ்தின் அப்துல் அஸீஸிடம் வீழ்ந்தது. புதிய நிர்வாகம் புதிதாக அச்சிட நேரமின்றிக் கைக்குக் கிடைத்த பழைய தலைகளின் மேல் தன் முத்திரையைக் குத்தியது. எவருடைய நன்கொடையோ நினைவூட்டும் அந்த வரிவில்லையும் இவ்வாறே தபால்தலையாயிற்று.

பொன்னிற அச்சுத் தலையொன்றும் எம்மிடம் உண்டு. மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு வணிகரிடம் ஒரு மாத ஊதியத்தின் கணிசமான பகுதியைக் கொடுத்து வாங்கியது. மூத்த சேகரிப்பாளர் ஒருவர் உருப்பெருக்கியில் பார்த்துச் சிரித்தார். பொன்மை தபால் முத்திரையின் கறுப்பு மைக்கு மேலே படிந்திருந்தது. பயன்படுத்தி முடித்த தலையில் பிறகு அச்சிட்ட போலி! ஹிஜாஸின் மேலச்சுகளில் போலிகள் ஏராளம்; இவ்வகையைச் சேர்க்க விரும்பும் சகோதரர்கள் முதலில் முத்திரை மையைப் பாருங்கள். வாங்கிய விலைக்கே இன்னொருவரிடம் தள்ளிவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சரக்கின் குறையை மறைத்து விற்பது ஆகாது என்று காலையில் பாடம் நடத்திவிட்டு மாலையில் அதைச் செய்வதெப்படி? அதன் கீழே பென்சிலால் 'போலி' என்று எழுதி ஆல்பத்திலேயே வைத்திருக்கிறேன்.

பாட்டனார் தம் கைப்பட வரைந்த ஹிஜாஸ் பக்கத்தில் இப்போது மூன்று தலைகள் இருக்கின்றன. பச்சைத் தலைக்கு வலப்புறம் எஞ்சின் படத்தை வைத்தேன். வரிசையின் கடைசியில் இரண்டு குரூஷ் தலைக்கு அவர் விட்ட கட்டம் இன்னும் வெறுமையாகவே உள்ளது.