அழையாமல் வந்த எண்ணம்

பிறந்து இருபது நாளான குழந்தை தொட்டிலில் உறங்குகிறது. தாய் காய் நறுக்குகிறாள். "இந்தக் கத்தி குழந்தைமீது பாய்ந்தால்?" மின்னலென ஓர் எண்ணம்! நடுநடுங்கிப் போகிறாள், கத்தியை ஒளித்துவைக்கிறாள், நூறுமுறை தொட்டிலை எட்டிப் பார்க்கிறாள், பின்னர் குழந்தையைத் தூக்கவே அஞ்சுகிறாள். எவரிடமும் சொல்லமாட்டாள். சொன்னால் என்ன பட்டம் கிடைக்கும் என்பதை அறிவாள்.

அந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு, தோழர்களே! சூனியக்காரிகளை நொறுக்கும் சம்மட்டி என்று பொருள்படும் பெயரில், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஹைன்ரிக் கிராமர் என்ற துறவி ஏடொன்று தீட்டினார். மருத்துவச்சிகள் பச்சிளங் குழந்தைகளைக் கொன்று சாத்தானுக்குப் படைக்கிறார்கள் என்றது அந்த ஏடு. அத்தகைய காலத்தில் எந்தத் தாய் தன் மனத்தில் எழுந்ததை வாய்திறந்து கூறுவாள்?

1692இல் இங்கிலாந்து அரசி மேரியின் முன் ஜான் மூர் என்ற பிஷப் பேசினார். நல்லவர்களுக்கும் வழிபாட்டின் நடுவே தகாத எண்ணங்கள் எழுகின்றன. அவற்றைத் தடுப்பது அவர்கள் ஆற்றலில் இல்லை. மூர்க்கமாக எதிர்த்தால் அவை பெருகும் என்றார். அவர் தாய்மாரைப் பற்றிப் பேசவில்லை. ஆயினும் நோயின் போக்கைச் சரியாகக் கண்டார். பிஷப் சொன்னார் என்பதற்காக உண்மையை ஒதுக்குவது பகுத்தறிவாகாது!

1858இல் பாரிசில் மார்சே என்ற மருத்துவர், கருவுற்ற, ஈன்ற, பாலூட்டும் பெண்டிரின் மனநோய்கள் பற்றித் தனி நூலே எழுதினார். 1877இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபால், அறிவு பழுதுபடாமலே, விருப்பத்துக்கு மாறாக எண்ணம் புகும். அது தனக்கு அந்நியம் என்று நோயாளியே உணர்வார் என வரையறுத்தார். எண்ணச் சுழற்சி நோய் என்று நாம் கூறுவது இதுவே. நலமாயிருப்போர்க்கும் இத்தகைய எண்ணங்கள் எழுவதை ராக்மன், டி சில்வா இருவரின் ஆய்வு 1978இல் காட்டியது. நலமானவர் மறந்துவிடுகிறார், நோயுற்றவள் அதைத் தன் குற்றமெனக் கொள்கிறாள்.

மகப்பேற்றுக்குப்பின் தோன்றும் சித்தப்பிரமை வேறு. அதில் தாய் இல்லாத குரலைக் கேட்பாள், பொய்யை மெய்யென நம்புவாள். உடனே மருத்துவமனை சேர்த்தாகவேண்டும். எண்ணச் சுழற்சியிலோ, எண்ணத்தைக் கண்டு அவளே அருவருக்கிறாள். அந்த எண்ணம் அவளைக் கொலைகாரி ஆக்குவதில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, காப்பாற்றுவதாக எண்ணிக் குழந்தையைப் பிரித்துவிடும் உறவினர், அவள் அச்சத்துக்கே சான்றளிக்கின்றனர். மருந்து உண்டு, பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு. அச்சிகிச்சையில் அவள் படிப்படியாகக் கற்பது, எண்ணம் வந்தாலும் விலகி ஓடாமல், தன் கையாலேயே குழந்தையைக் குளிப்பாட்டுவது.