தாமதமாக வந்த செக்

தேர்தலில் ஜெயிக்க என்ன வேண்டும்? கொள்கை, பேச்சு, தொண்டர்கள்... எல்லாம் சரிதான். ஆனால் போஸ்டரிலிருந்து டி.வி. விளம்பரம் வரை எல்லாவற்றுக்கும் காசு வேண்டுமே! காசில்லாத வேட்பாளரைக் கைதூக்கி விடவென்றே போட்ட ஒரு சட்டம், அவருடைய காலையே வாரிவிட்ட கதை ஒன்று அமெரிக்காவில் உண்டு.

கதை ஆரம்பிப்பது வாட்டர்கேட்டில். 1972 ஜூன் 17. வாஷிங்டனில் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் நள்ளிரவில் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். அதில் ஒருவருடைய வங்கிக் கணக்கில் 25,000 டாலர் செக் ஒன்று! அது எங்கிருந்து வந்தது? அதிபர் நிக்ஸனின் தேர்தல் நிதியிலிருந்து! தோண்டத் தோண்ட பூதங்கள் கிளம்பின. கிளெமென்ட் ஸ்டோன் என்ற இன்ஷூரன்ஸ் கோடீஸ்வரர் தனியாளாகவே இருபது லட்சம் டாலர் கொடுத்திருந்தார். சட்டப்படி ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாத பெரிய கம்பெனிகள் ரகசியமாகப் பணம் தள்ளியிருந்தன.

1974 ஆகஸ்டில் நிக்ஸன் பதவி விலக, அக்டோபரிலேயே புதுச் சட்டம் வந்துவிட்டது. ஒருவர் ஒரு வேட்பாளருக்கு, ஒரு தேர்தலுக்கு 1,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. அதிபர் வேட்பாளராகக் கட்சிக்குள் போட்டியிடுகிறவர் 20 மாநிலங்களில் தலா 5,000 டாலராவது சில்லறை நன்கொடையாகத் திரட்டிக் காட்டினால், ஒவ்வொரு நன்கொடையிலும் முதல் 250 டாலருக்கு அரசாங்கம் அதே அளவு பணம் போடும். கண்காணிக்க ஒரு கமிஷன். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?

ஆனால் யூஜின் மெக்கார்த்தி ஒப்புக்கொள்ளவில்லை. 1968-ல் வியட்நாம் போரை எதிர்த்து, பதவியிலிருந்த ஜான்ஸனையே உட்கட்சித் தேர்தலில் ஆட்டம் காண வைத்தவர் அவர். அவருக்குக் கை கொடுத்தது யார்? ஸ்டூவர்ட் மாட் என்ற பணக்காரர் ஒருவரே இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். 'ஆயிரம் டாலர்தான் என்றால், பெயர் தெரியாத ஆள் எப்படி ஐயா கிளம்புவது?' என்பதுதான் கேள்வி. எதிர் முகாமைச் சேர்ந்த செனட்டர் ஜேம்ஸ் பக்லியோடு கை கோத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார் மெக்கார்த்தி.

1976 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நன்கொடை வரம்பு செல்லும். செலவு வரம்பு செல்லாது (அரசுப் பணம் வாங்குகிறவருக்கு மட்டும் உண்டு). கமிஷன் உறுப்பினர்களை நாடாளுமன்றமே நியமித்தது தப்பு, புதிதாக அமையுங்கள்!

இங்கேதான் வந்தது வினை. மார்ச் 22-ஆம் தேதியோடு கமிஷனின் அதிகாரம் முடிந்தது. புதுக் கமிஷன் பதவியேற்றது மே 21-ல். இடையில் இரண்டு மாதம், தேர்தல் உச்சத்தில் இருந்தபோது, அரசாங்க செக் யாருக்கும் கிடையாது!

அப்போது பணத்துக்குத் திண்டாடியவர்களில் ஒருவர் அரிஸோனாவின் மோரிஸ் யூடால். சின்ன வயதில் ஒரு கண்ணை இழந்தும் கூடைப்பந்து வீரராக ஜொலித்தவர். நகைச்சுவை மன்னர். ஏப்ரல் 6 விஸ்கான்ஸின் தேர்தலில் அவர் ஜெயித்ததாக டி.வி.க்காரர்கள் அறிவித்தே விட்டார்கள். 'மில்வாக்கி சென்டினல்' தலைப்புச் செய்தியே போட்டது. விடிந்து பார்த்தால், சுமார் 7,500 ஓட்டில் ஜிம்மி கார்ட்டர் ஜெயித்திருந்தார்! அந்தப் பேப்பரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார் கார்ட்டர். கடைசி நேர விளம்பரத்துக்குக் காசிருந்தால் கதையே மாறியிருக்கும் என்று பொருமினார்கள் யூடாலின் ஆட்கள்.

கார்ட்டருக்கும்தானே செக் வரவில்லை என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் முன்னால் ஓடுகிறவரைத் தேடி நன்கொடை தானாக வரும். குடியரசுக் கட்சியில் கடனில் தத்தளித்த ரீகனுக்கோ, சினிமாவில் பழகிய முகம் இருந்தது, டி.வி.யில் அரைமணி நேரம் பேசிப் பணம் திரட்டிவிட்டார். இரண்டும் இல்லாத யூடால் என்ன செய்வார்?

அப்புறம் 2008-ல் ஒபாமா, பொதுத் தேர்தலுக்கான அரசுப் பணமே வேண்டாம் என்று ஒதுக்கினார். செலவு வரம்பு இல்லாமல் அதைவிடப் பல மடங்கு திரட்ட அவரால் முடிந்தது. 2012-லிருந்து பெரிய கட்சி வேட்பாளர்கள் யாருமே அதைத் தொடவில்லை.

ஊழல் செய்தது கஜானா நிரம்பி வழிந்த நிக்ஸன் முகாம். அபராதம் கட்டியது, பை காலியாக நின்ற யூடால்!