பாறைக்குக் காது கொடுத்த வரலாறு

மட்டக்களப்புக்கு வடக்கே வாழைச்சேனையைக் கடந்து பாசிக்குடாவை அடைகிறவர்கள், அங்கே கடலானது குளத்தைப் போன்ற சாந்தத்துடன் கிடப்பதையும், இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடந்து சென்றாலும் கால் தரையை இழக்காதிருப்பதையும் கண்டு அதிசயிப்பதுண்டு. பாசியைப் பெயரிலே தாங்கிய அக்குடாவை அடுத்து, கல்லைப் பெயரிலே தாங்கிய கல்குடா வளைந்து கிடக்கிறது. யாத்திரிகர்கள் பாசியையும் மணலையும் பார்த்துத் திரும்புகிறார்கள். நான் எழுதப் புகுந்தது கல்லைப் பற்றி. அக்கரைக்குக் கீழே எத்தனை காத ஆழம் பாறை இருக்கிறது, அது எத்தன்மையது என்பதை, ஒரு முழமேனும் தோண்டாமலே மனிதர் அறிந்துகொண்ட சரித்திரத்தைப் பற்றி.

கண்ணுக்கு எட்டாததைக் காதால் அறிவது மட்டக்களப்பாருக்குப் புதிதன்று. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவி நீருக்குள் ஆழ்த்தி, மறுமுனையைக் காதோடு பொருத்திக்கொண்டால் பாடும் மீனின் இசை கேட்கும் என்பது அங்குள்ள மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட அநுபவம். 1848இல் அங்கு வந்த எமர்சன் தெனன்ற் அதைக் கேட்டுத் தம் நூலில் எழுதினார். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்தார். அதே மண்ணில் காரைதீவிலே பிறந்து, விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற சுவாமி விபுலாநந்தரோ, நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணிதத்தை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அதிரும் பொருளின் இயல்பை அதிர்விலிருந்தே அறியலாம் என்பதுதான் அந்நூலுக்கு அடிப்படை. பூமியைப் பற்றிய சாஸ்திரமும் அதே அடிப்படையில் எழுந்ததே.

அச்சாஸ்திரத்தின் ஆரம்பகர்த்தர்களுள் ஒருவராகிய ஓல்டாம் நமது வங்காள விரிகுடாவோடு நெருங்கிய சம்பந்தம் உடையவர். 1881ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் நிக்கோபார்த் தீவுகளின் அருகே நேர்ந்த பூகம்பத்தைப் பற்றி, இந்தியப் புவியியல் அளவைத் துறையில் பணியாற்றிய அவர் ஒரு குறிப்பு எழுதினார். அன்று எழுந்த பேரலைகளை நாகப்பட்டினம், சென்னை முதலிய துறைமுகங்களின் கடல்மட்ட மானிகள் பதிவு செய்திருந்தன. பின்னர் 1897இல் அசாமை உலுக்கிய பெரும் பூகம்பத்தின் பதிவுகளை ஆராய்ந்தபோதுதான், பூகம்பத்திலிருந்து ஒரே அலையன்று, வேறுவேறு வேகமுடைய மூவகை அலைகள் புறப்படுகின்றன என்பதை அவர் தெளிந்து கூறினார். முதலில் வருவது பாறையை நெருக்கியும் விரித்தும் ஓடும் அலை. கருங்கல்லில் அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர். அடுத்து வருவது பாறையைப் பக்கவாட்டில் அசைத்து ஓடும் அலை. அது முன்னதினும் மிக மெல்ல வரும். கடைசியில் வருவது நிலத்தின் மேற்புறமாகப் பரவுவது. 1909 அக்டோபரில் குரோவாசிய நாட்டில் நேர்ந்த ஒரு பூகம்பத்தின் பதிவுகளில், தூரத்து நிலையங்களுக்கு அலை எதிர்பார்த்ததைவிட விரைவாக வந்துவிட்டதைக் கண்ட மொகொரோவிசிச் என்னும் அறிஞர், பூமியின் ஓட்டுக்குக் கீழே விநாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் அலையைச் செலுத்தும் வேறொரு பாறை இருக்கிறது என்று முடிவு கட்டினார். அவ்வெல்லைக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

இலங்கையிலே கல்லை ஆராயும் வேலை 1903இல் ஆனந்த குமாரசுவாமியின் தலைமையில் தொடங்கிற்று. கலை விமர்சகராக உலகம் கொண்டாடும் அப்பெரியார், நாடெங்கும் கல்லும் கனியமும் தேடி அலைந்தவர் என்பதை நம்மவர் அடிக்கடி நினைப்பதில்லை. ஆயினும் ஆழத்தைக் கேட்கும் நவீன கருவி பல்லேகலையில் நிறுவப்பட 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

அக்கருவி நிறுவப்பட்டு நான்கே ஆண்டுகளில், 2004 டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம், காலை 6 மணி 59 நிமிஷத்துக்குச் சுமாத்திராவின் மேற்குக் கரையோரம் கடலடி பிளந்தது. பிளவு வடக்கே ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் ஓடியது. பாறையின் வழியே வந்த முதல் அலை நான்கு நிமிஷத்துக்குள் பல்லேகலையை எட்டிவிட்டது. கடல் வழியே வந்த அலை கிழக்குக் கரையை அடைய ஒன்றரை மணிக்கு மேலாயிற்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய ஏற்பாடு எதுவும் அன்று நாட்டில் இல்லை. பாசிக்குடாவின் சாந்தமான நீரும், கல்லடி நாவலடியின் குடிசைகளும், கரையோரக் கோயில்களும் ஒரே காலையில் குலைந்தன. இலங்கை முழுவதும் மாண்டோரும் காணாமற் போனோருமாக 35,000 பேருக்கு மேல். பாறை சொன்னது, கேட்பார் இல்லை. இதைக் காட்டிலும் வருத்தமான செய்தி இச்சரித்திரத்தில் வேறில்லை.

பிறகுதான் ஹக்மனையிலும் மகாகனதராவையிலும் ஜெர்மானியரின் உதவியோடு மேலும் நிலையங்கள் எழுந்தன. 2016, 2017ஆம் ஆண்டுகளில் அவர்களும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தாரும் சேர்ந்து தீவெங்கும் 30 தற்காலிக நிலையங்களை வைத்து, தூர தேசங்களின் பூகம்பங்களைக் கேட்டார்கள். கீழிருந்து ஏறிவரும் முதல் அலையில் ஒரு கூறு, பூமியோட்டின் அடியெல்லையில் இரண்டாம் வகை அலையாக மாறிச் சில விநாடி பிந்தி வருகிறது. அந்தப் பிந்தலே ஓட்டின் கனத்தைக் கூறிவிடும். இவ்வாறு அறியப்பட்டபடி, இலங்கைக்கு அடியில் ஓடு 30 முதல் 40 கிலோமீட்டர் வரை கனமுடையது. மலைநாட்டின் நடுவே மிகக் கனம். பாசிக்குடாவும் மட்டக்களப்பும் விஜயன் தொகுதி எனப்படும் பழம்பாறையின்மேல் நிற்கின்றன. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்காவும் அந்தார்ட்டிக்காவும் நம்மோடு ஒட்டிக் கிடந்த காலத்தில், மலைநாட்டுப் பாறை இத்தொகுதியின்மேல் ஏறிற்று. 18 முதல் 27 கிலோமீட்டர் ஆழத்தில், மேற்கு நோக்கிச் சற்றே சாய்ந்து கிடக்கும் ஓர் எல்லையை அவ்வலைகள் காட்டின. அந்த ஏற்றத்தின் தழும்பாக அது இருக்கக்கூடும். செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியில் மகாஓயாவிலே கொதித்தெழும் வெந்நீரூற்று, இவ்விரு தொகுதிகளும் சந்திக்கும் எல்லைக்கு அண்மையில்தான் இருக்கிறது.

கிழக்குக் கரையின் பள்ளிக்கூடங்களில் ஆசிரியராக இருக்கும் அன்பர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு: ஒரு நாள் உங்கள் மாணவரைக் கரைக்கு அழைத்துச் சென்று, கரும்பலகையின் துணையின்றியே அந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பாறையின் அலைக்கு நான்கு நிமிஷம், கடலின் அலைக்கு ஒன்றரை மணி. மேட்டுக்குப் போக அந்த இடைவெளி போதும்.