சமூகநல ஊழியர் பயிற்சி: வேர் ஒன்று, கிளை இரண்டு

மனநோயுற்றாரைப் பேணுதலும் குழந்தைகளைக் காத்தலும் இருவேறு பணிகள் எனத் தோன்றும். ஆனால் மனநோயால் வருந்தும் தாயும் அவள் குழந்தையும் வாழ்வது ஒரே வீட்டில் அன்றோ? அவ்வீட்டுக்குச் செல்லும் ஊழியர் ஒருவரைக் கண்டு மற்றவரைக் காணாது திரும்பினால் விளையும் கேடு பெரிது. ஆதலின், இவ்விரு பணிகளையும் மாணவர்க்குச் சேர்த்துக் கற்பிப்பதா, பிரித்துக் கற்பிப்பதா என்னும் வினா இங்கிலாந்தில் நெடுங்காலமாக எழுந்து வருகிறது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

முதலில் தோன்றியது மனநலக் கிளையே. 1929ஆம் ஆண்டில் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் மனநல ஊழியர்க்குரிய பயிற்சி தொடங்கிற்று. அமெரிக்காவின் காமன்வெல்த் நிதியம் அதற்குப் பொருளுதவி செய்தது. மாணவர் பாடம் கேட்பதோடு அமையாது, மருத்துவமனையிலும் குழந்தை வழிகாட்டு நிலையத்திலும் நேரிற் பணிபுரிந்து பழகினர்.

குழந்தைநலக் கிளை பின்னர்த் தோன்றியது. 1945 ஜனவரியில், ஷ்ராப்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் வளர்க்க விடப்பட்டிருந்த டென்னிஸ் ஓநீல் என்னும் 12 வயதுச் சிறுவன் அடியுண்டும் உணவின்றி மெலிந்தும் மாண்டான். நாடு நடுங்கிற்று. அவ்வாண்டில் அமைந்த கர்ட்டிஸ் குழு, 1946இல் தன் முழு அறிக்கைக்கு முன்னரே, பயிற்சியைப் பற்றித் தனியே ஓர் இடைக்கால அறிக்கை வெளியிட்டது. நல்ல சட்டம் இருந்தும் பயின்ற ஆள் இல்லையேல் பயனில்லை என்பதை அக்குழு உணர்ந்திருந்தது. 1948ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தால் குழந்தைநல அதிகாரிகள் நியமனம் பெற்றனர்.

இவ்வாறு கிளைகள் தனித்தனியே வளர்ந்தன. மனித வளர்ச்சி, குடும்பம், உள்ளத்தின் இயல்பு ஆகியவை எல்லா ஊழியர்க்கும் பொதுப்பாடம் ஆகவேண்டும் என்று கருதியவர் எய்லீன் யங்ஹஸ்பண்ட் அம்மையார். 1954இல் அதே லண்டன் கல்லூரியில் அவர் தொடங்கிய பொதுப் பயிற்சி பின்வந்தோர்க்கு வழிகாட்டிற்று. 1968இல் சீபோம் குழு, சிதறிக் கிடந்த நலத்துறைகளை ஒன்றாக்குக என்றது. 1971இல் அவை ஒன்றாயின.

ஆயினும் இணைப்பு ஒன்றே மருந்தாகிவிடவில்லை. 1973 ஜனவரியில், மரியா கோல்வெல் என்னும் 7 வயதுச் சிறுமி பிரைட்டனில் மாற்றாந்தந்தையால் கொல்லப்பட்டாள். அண்டை வீட்டாரும் பள்ளியினரும் முன்னரே கவலை தெரிவித்திருந்தனர். பலர் சிறிது சிறிதாக அறிந்திருந்தனர். முழுமையாக அறிந்தவர் ஒருவரும் இலர். 1974இல் வெளிவந்த விசாரணை அறிக்கை இக்குறையை எடுத்துக் காட்டிற்று.

அதன்பின் தனித்திறன் வேண்டும் என்னும் குரல் வலுத்தது. 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டம், நோயாளியைக் கட்டாயமாக மருத்துவமனையிற் சேர்க்க விண்ணப்பிக்கும் ஊழியர்க்குப் பொதுப்பயிற்சிக்கு மேல் தனிப்பயிற்சி வேண்டும் என விதித்தது. 2014இல் இரண்டு அமைச்சுகளுக்கு இரண்டு அறிக்கைகள் கிடைத்தன. கல்வி அமைச்சுக்கு எழுதிய நேரி, குழந்தைப் பணிக்குத் தனித்தேர்ச்சி வேண்டுமென்றார். சுகாதார அமைச்சுக்கு எழுதிய கிராய்ஸ்டேல் ஆப்பிள்பி, பொதுக்கல்வியே அடிப்படை என்றார். அவ்வாண்டில் குழந்தைப் பணிக்கு 'பிரண்ட்லைன்' என்றும், 2016இல் மனநலப் பணிக்கு 'திங்க் அஹெட்' என்றும் தனித்தனி விரைவுப் பயிற்சிகள் மாணவரைச் சேர்க்கலாயின. பழைய கிளைகள் மீண்டும் பிரிந்தன.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? தனித்திறனும் வேண்டும், ஆனால் அது பொதுவேரிலிருந்து கிளைக்க வேண்டும். குழந்தைப் பணிக்குச் செல்லும் மாணவர் மனநல விடுதியிற் சில மாதமும், மனநலப் பணிக்குச் செல்வோர் குழந்தைநல நிலையத்திற் சில மாதமும் பழகுதல் நன்று. மனநோயுற்ற பெற்றோர் எல்லாரும் குழந்தைக்குத் தீங்கு செய்வோர் அல்லர் என்பதையும், உரிய காலத்தில் உதவி பெற்றால் பலர் நன்கு வளர்ப்பர் என்பதையும் அப்பழக்கமே கற்பிக்கும்.

வாட்டமுற்று வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையை முதலிற் காண்பவர் பெரும்பாலும் ஆசிரியரே. அவர் சொல்லும் செய்தி, பிள்ளையோடு வீட்டையும் சேர்த்துக் காணப் பயின்ற ஒருவரிடம் போய்ச் சேருதல் வேண்டும்.